மூன்றே நாளில் பாதியான பாட்சன்

என் மேசைமேல் ஒரு காசு கிடக்கிறது. சூரிச் நகரம் 18ஆம் நூற்றாண்டில் அடித்த 3 ஹாலர். எடை அரை கிராமைச் சுற்றி. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் குறுக்கே சாய்வாகப் பிரித்த கேடயம். அது சூரிச்சின் சின்னம். மறுபக்கம் 3 என்ற எண்ணும் அதன் கீழே ஹாலர் என்ற சொல்லும். எந்த ஆண்டு அடித்தது என்று பொறிக்கவில்லை. வெள்ளிக் காசு என்றுதான் கணக்கு. கண்ணுக்குத் தெரிவது பழுப்பேறிய செம்பு. விளிம்பு தேய்ந்து காகிதம்போல் இருக்கிறது. எத்தனை கை மாறியிருந்தால் இந்த விளிம்பு இப்படித் தேயும்!

இதைப்போல 160 காசு சேர்ந்தால் ஒரு குல்டன்.

சூரிச்சின் பணக்கணக்கை ஒரு வரியில் எழுதிவிடலாம்: 1 குல்டன் = 2 பவுண்டு = 40 ஷில்லிங் = 480 ஹாலர். 12 ஹாலர் ஒரு ஷில்லிங். 2 ஹாலருக்கு ஆங்ஸ்டர் என்று தனிக் காசு உண்டு. 16 பாட்சன் ஒரு குல்டன், ஆகவே ஒரு பாட்சன் 30 ஹாலர். நம் கணக்கில் சொன்னால் பாட்சன் என்பது குல்டனில் ஒரு வீசம். 480 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. பாதியாக்கலாம், மூன்றாக்கலாம், ஐந்தாக்கலாம், எட்டாக்கலாம். எதிலும் மீதி விழாது. தாளும் எழுத்தும் இல்லாமல் கடைப் பலகையிலேயே கணக்குத் தீர்க்க வேண்டியவர்களுக்கு வகுபடும் எண்தான் வசதி.

ஒரு நகரத்துக்குள் இருக்கும்வரை சிக்கல் இல்லை. நகர வாசலைத் தாண்டினால் தொல்லை தொடங்கும். பெர்னில் ஒரு பாட்சன் 4 கிராய்ட்சர், ஒரு கிராய்ட்சர் 8 ஃபெனிக்; ஆகப் பாட்சனுக்கு 32 ஃபெனிக். 25 பாட்சன் ஒரு குரோன். பாசலில் ஒரு பாட்சன் 10 ராப்பன், ஒரு ராப்பன் 2 ஃபெனிக். ஆகப் பாட்சனுக்கு 20 ஃபெனிக்தான். அங்கே 15 பாட்சன் ஒரு குல்டன், அதாவது 25 ஷில்லிங், 150 ராப்பன். பவுண்டு என்ற சொல் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றே; 20 ஷில்லிங், 240 ஃபெனிக் (சூரிச்சில் ஹாலர்) என்ற இலக்கணமும் ஒன்றே. ஆனால் பாட்சனில் எண்ணிப் பாருங்கள்:

பெர்ன் பவுண்டு: 7½ பாட்சன்
சூரிச் பவுண்டு: 8 பாட்சன்
பாசல் பவுண்டு: 12 பாட்சன்

மூன்று நகரங்களும் ஒன்றுக்கொன்று 100 கி.மீ. தொலைவுக்குள் இருப்பவை. ஒரு பாட்டி தன் பேரனுக்கு ஒரு பவுண்டு எழுதி வைத்தாள் என்றால் எந்த ஊர்ப் பவுண்டு என்று கேட்காமல் தொகை தெரியாது. மேற்கே போனால் மொழியும் மாறும். 1536இல் பெர்ன் பிடித்துக்கொண்ட வோ பகுதியில் 12 சோல் ஒரு ஃப்ளோரின். 3 சோல் ஒரு பாட்சன். ஆக 4 பாட்சன் ஒரு ஃப்ளோரின். ஜெனீவாவிலும் ஃப்ளோரினுக்கு 12 சோல், 144 தெனியே. வோவில் ஆளுகை பெர்னுடையது, கணக்கு சவாய் நாட்டுடையது. இரண்டையும் ஒட்டவைத்த பசை பாட்சன்.

அந்தச் சொல்லின் பிறப்பும் பெர்னில்தான். 1490களில் பெர்ன் அடித்த இந்தக் காசில் நகரத்தின் கரடி இருந்தது. கரடிக்கு அங்கே பேச்சு வழக்கில் பெட்ஸ் என்று பெயர். காசும் அந்தப் பெயரைப் பெற்றது. அன்று 15 பாட்சன் ஒரு ரைன் பொற்குல்டன். நல்ல காசு என்று பெயர் எடுத்ததால் தென் ஜெர்மனி முழுக்கப் பரவியது, அங்குள்ள நகரங்களும் பாட்சன் அடிக்கத் தொடங்கின. ராப்பனின் கதையிலும் ஒரு பிராணி உண்டு. ரைனுக்கு அப்பால் ஃப்ரைபுர்க் நகரம் தன் ஃபெனிக்கில் கழுகின் தலையைப் பொறித்தது. மக்கள் கண்ணுக்கு அது காக்கையாகத் தெரிந்தது. காக்கைக்கு அங்கே ராப்பே என்று பெயர். கழுகுக்குப் பதில் காக்கையின் பெயரே நிலைத்தது. பாசல், ஃப்ரைபுர்க், கோல்மார், பிரைசாக் நகரங்களும் ஆஸ்திரியப் பிரபுக்களும் 1403இல் சேர்ந்து இந்தச் சிறுகாசுக்கென்றே ஒரு கூட்டணி அமைத்தார்கள். எல்லோரும் ஒரே எடை, ஒரே மாற்று என்ற ஒப்பந்தம். 1584இல் கலையும்வரை ஏறக்குறைய 180 ஆண்டு நின்றது. பெரிய அரசுகளின் உடன்படிக்கைகளே அவ்வளவு காலம் நிற்பதில்லை.

1798க்கு முன் சுவிட்சர்லாந்தில் நாணயம் அடித்த அமைப்புகள் ஏறக்குறைய 75. கண்டோன்கள் எனும் மாநிலங்கள், நகரங்கள், மடங்கள், ஆயர்கள். புழக்கத்தில் கிடந்த காசு வகைகள் சுமார் 860. லூசெர்னுக்கு நாணயம் அடிக்கும் உரிமையை மன்னர் சிகிஸ்முண்ட் 1418இல் கொடுத்தார், செயின்ட் காலன் நகரத்துக்கு 1415இல். சூரிச்சில் அது முதலில் ஃப்ராவ்மூன்ஸ்டர் கன்னிமடத் தலைவியின் உரிமை. 1524இல் கடைசித் தலைவி கத்தரீனா ஃபான் சிம்மர்ன் மடத்தையே நகரத்திடம் ஒப்படைத்தார்.

ஏன் ஒவ்வொரு ஊரும் சில்லறையைத் தானே அடிக்க வேண்டும்? ஏன் அந்தச் சில்லறை எப்போதும் மாற்றுக் குறைந்ததாகவே இருந்தது? இதற்கு விடை அக்கசாலையின் செலவுக் கணக்கில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அன்றைய அளவு கோலோன் மார்க், 233.856 கிராம். 1566இல் ஜெர்மன் பேரரசு வகுத்த தாலரில் 25.98 கிராம் தூய வெள்ளி. ஆகவே ஒரு மார்க் தூய வெள்ளியிலிருந்து 9 தாலர் கிடைக்கும். 1623க்குப் பிறகு தென் ஜெர்மன் கணக்கில் ஒரு தாலர் 90 கிராய்ட்சர். ஒரு கிராய்ட்சர் 4 ஃபெனிக். ஒரு ஃபெனிக் 2 ஹெல்லர். அதே ஒரு மார்க் வெள்ளியைச் சில்லறையாக அடித்தால் 810 கிராய்ட்சர். ஃபெனிக்காக அடித்தால் 3,240. ஹெல்லராக அடித்தால் 6,480.

மதிப்பு ஒன்றே. வேலை ஒன்றா? 9 தாலருக்கு 9 முறை சம்மட்டி விழுந்தால் போதும். 6,480 ஹெல்லருக்கு 6,480 முறை விழ வேண்டும். தகடு தட்ட வேண்டும், வில்லை வெட்ட வேண்டும், எடை பார்க்க வேண்டும், வெளுக்க வேண்டும், அச்சு தேய்ந்தால் மறு அச்சு வெட்ட வேண்டும். கரி, கூலி, கைத்தேய்மானம் எல்லாம் காசின் எண்ணிக்கைக்குத்தான் ஏறும், அதன் மதிப்புக்கு ஏறாது. தாலரில் 720ஆவது பங்கு மதிப்புள்ள ஹெல்லருக்கும் கிட்டத்தட்ட அதே கைவேலை.

இன்னொரு சிக்கல் உலோகத்திலேயே இருக்கிறது. 233.856 கிராமை 6,480 ஆல் வகுத்தால் ஒரு ஹெல்லருக்கு 0.036 கிராம் வெள்ளி. முப்பத்தாறு மில்லிகிராம்! அந்த அளவுக்குத் தூய வெள்ளித் துணுக்கை விரலால் பிடிக்கவே முடியாது. சட்டைப்பையின் தையலில் தொலைந்துபோகும். செம்பு சேர்த்து 0.3 கிராம் ஆக்கினால்தான் அது காசு. அப்போது வெள்ளி எட்டில் ஒரு பங்கு. அக்கசாலை மொழியில் 16 லோட்டு என்பது தூய வெள்ளி. இது வெறும் 2 லோட்டு. ஆக, சிறுகாசில் செம்பு கலப்பதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. கலக்காமல் அப்படி ஒரு காசு பிறக்கவே முடியாது. அடிக்கிற கூலியை ஈடுகட்ட வெள்ளியை இன்னும் கொஞ்சம் குறைப்பதும் எல்லா நகரங்களும் ஏற்றுக்கொண்ட வழக்கம். தொல்லை எங்கே என்றால், எட்டில் ஒரு பங்கு வெள்ளி உள்ள காசையும் பத்தில் ஒரு பங்கு உள்ள காசையும் வாங்குகிறவரின் கண் பிரித்துச் சொல்லாது. பொன்னை உரசிப் பார்க்கலாம், தாலரைத் தட்டி ஓசை கேட்கலாம். ஹெல்லரைத் தட்டினால் என்ன ஓசை வரும்?

செலவைக் குறைக்க நகரங்கள் கண்ட வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சூரிச், லூசெர்ன், ஷாஃப்ஹௌசன் அக்கசாலைகள் ஆங்ஸ்டரையும் ஹாலரையும் ஒரே பக்கம் அடித்தன. மெல்லிய தகடு, ஒரே அச்சு. முன்னால் புடைத்திருப்பது பின்னால் குழிந்திருக்கும். மறுபக்கத்துக்கு அச்சு வெட்டும் செலவு மிச்சம். ஐரோப்பாவின் பல பகுதிகள் இந்த முறையை இடைக்காலத்தோடு விட்டுவிட்டன. சுவிஸ் நகரங்கள் அதைப் பல நூற்றாண்டு தொடர்ந்தன. எந்திரத்தையும் அவர்கள் ஒதுக்கவில்லை. இரண்டு உருளைகளுக்கு நடுவே வெள்ளிப் பட்டையை விட்டு அச்சுப் பதிக்கும் முறை 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சூரிச்சில் உருவாகி, அங்கிருந்து போன கைவினைஞர்கள் வழியே டிரோலின் ஹால் நகரத்துக்குச் சென்றது. ஹாலிலிருந்து ஸ்பெயினின் செகோவியா வரை போனது.

இனி சரிவின் கணக்கு. தாலரில் உள்ள வெள்ளி மாறவே இல்லை, 25.98 கிராம் அப்படியே நின்றது. 1566இல் அதற்கு 68 கிராய்ட்சர் என்று விலை. வகுத்தால் ஒரு கிராய்ட்சருக்கு 0.382 கிராம் வெள்ளி. 1623க்குப் பிறகு 90 கிராய்ட்சர், ஒன்றுக்கு 0.289 கிராம். 57 ஆண்டில் கிராய்ட்சர் தன் வெள்ளியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தது. நடுவில் முப்பதாண்டுப் போரின் தொடக்கத்தில் ஒரு பேயாட்டமும் நடந்தது. 1619க்கும் 1623க்கும் இடையே சிற்றரசுகள் போட்டி போட்டுக்கொண்டு கள்ள மாற்றுக் காசை அடித்துத் தள்ளின. 1622இல் தென் ஜெர்மன் சந்தைகளில் ஒரு தாலர் 10 குல்டனைத் தொட்டது. அதாவது 600 கிராய்ட்சர். அப்போது ஒரு கிராய்ட்சருக்குப் பின்னால் இருந்த வெள்ளி 0.043 கிராம். எல்லையில் இருந்த சுவிஸ் நகரங்களுக்குள்ளும் அந்த மட்டக் காசு வெள்ளம்போல் வந்தது.

இந்தச் சரிவு யார் தலையில் விழுந்தது என்பதுதான் பேரேட்டில் முக்கியமான பத்தி. வணிகர் தாலரிலும் பொற்குல்டனிலும் சேமித்தார். நில வாரமும் அடமான வட்டியும் குல்டனிலோ குரோனிலோ பவுண்டிலோ எழுதப்பட்டன. கூலிக்காரருக்கும் பால்காரருக்கும் முட்டை விற்கும் பெண்ணுக்கும் கைக்கு வந்ததோ பாட்சனும் ராப்பனும் ஹாலரும். சில்லறையைப் பெரிய காசாக மாற்றப் போனால் மாற்றுக்காரருக்கு வட்டம் கொடுக்க வேண்டும். காசின் மாற்று இறங்க இறங்க வட்டம் ஏறும். வரவு ஓர் உலோகத்தில், கடன் வேறு உலோகத்தில் இருக்கும் குடும்பம் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இழக்கும்.

ராப்பன் ஒரு கலகத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது. 1585இல் பாடன் நகரில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி பாசல் நகரம் தன் பழைய ஆயருக்கு 2 லட்சம் குல்டன் ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பாரத்தை இறக்க நகரம் மதுவின் மேல் கூடுதல் வரி போட்டது. வரி ராப்பன் கணக்கில் வந்தது. ஒரு குல்டனுக்கு 150 ராப்பன் என்று பெருக்கினால் 2 லட்சம் குல்டன் என்பது 3 கோடி ராப்பன். ஆயருக்கு நகரம் எண்ணிக் கொடுத்தது குல்டன். நகரத்துக்குக் குடியானவர் எண்ணிக் கொடுக்க வேண்டியது ராப்பன். 1591இல் கிராமங்கள் கொடுக்க மறுத்தன. 1594 வரை நீடித்த இழுபறியைத் தீர்க்க நகரம் அனுப்பியவர் வணிகரும் மன்ற உறுப்பினருமான ஆந்திரேயாஸ் ரூஃப். நாணயங்களையும் கனிமங்களையும் பற்றித் தனி நூலே எழுதிய மனிதர் அவர். ராப்பன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பேச்சிலேயே முடிந்தது, இரத்தம் சிந்தவில்லை. இன்றும் அதை ராப்பன் போர் என்றுதான் சொல்கிறார்கள்.

பாட்சனின் போர் அப்படி முடியவில்லை.

1648வரை பக்கத்து நாட்டில் போர். சுவிஸ் தானியத்துக்கும் கால்நடைக்கும் நல்ல விலை. குடியானவர் அந்த விலையை நம்பிக் கடன் வாங்கினார்கள். சமாதானம் வந்தது, விலை விழுந்தது, கடன் நின்றது. இந்த நேரத்தில் பெர்ன், ஃப்ரைபோர்க், சோலதுர்ன் மூன்றும் அடித்த பாட்சன் சந்தையில் தேவைக்கு மேல் கிடந்தது. செம்பு மிகுந்த காசு. முகத்தில் 4 கிராய்ட்சர், உள்ளே இருந்த வெள்ளியோ அதற்கு ஏற்றதாக இல்லை. 1652 டிசம்பரில் பெர்ன் நகர மன்றம் ஆணை பிறப்பித்தது: இனிப் பாட்சன் 4 கிராய்ட்சர் அல்ல, 2 கிராய்ட்சர். பழைய மதிப்பில் நல்ல காசாக மாற்றிக்கொள்ள மூன்று நாள் தவணை.

மூன்று நாள். எம்மென்டால் பள்ளத்தாக்கின் லாங்னாவிலிருந்து பெர்ன் ஏறக்குறைய 30 கி.மீ. டிசம்பர் மாதம், மலைப்பாதை. நகரத்துக்குள் இருந்தவர் மாற்றிக்கொண்டிருக்கலாம். மலைப் பண்ணையில் மரப்பெட்டியில் பாட்சன் வைத்திருந்தவர் எங்கே போவார்?

ஒரு பெட்டியைக் கற்பனை செய்து கணக்குப் போடுகிறேன். உள்ளே 100 பாட்சன். ஆணைக்கு முன் அது 400 கிராய்ட்சர், அதாவது 4 குரோன். ஆணைக்குப் பின் 200 கிராய்ட்சர், 2 குரோன். இது முதல் அடி. அதே வீட்டுக்கு நகரத்துக் கடன் 4 குரோன் இருந்தால், நேற்றுவரை பெட்டியைக் கவிழ்த்துக் கடனை அடைத்திருக்கலாம். இன்று பெட்டியைக் கவிழ்த்தும் 2 குரோன் பாக்கி. ஏனென்றால் பத்திரத்தில் எழுதியிருப்பது குரோன். குரோனுக்கு 100 கிராய்ட்சர் என்பதில் மாற்றமில்லை. பாட்சனில் சொன்னால், 25 பாட்சன் கொடுத்து அடைக்க வேண்டிய ஒவ்வொரு குரோனுக்கும் இனி 50 பாட்சன். அந்தக் காசை அடித்தது பெர்ன். குடியானவர் விற்ற பாலாடைக்கட்டிக்கும் மாட்டுக்கும் 4 கிராய்ட்சர் என்று அதைக் கையில் கொடுத்தது பெர்னின் சந்தை. திரும்ப வாங்கும்போது மட்டும் 2.

பெர்னின் செய்கையில் கணக்கியல் நியாயம் இல்லாமல் இல்லை. முகமதிப்பு உலோகத்தை விட்டு விலகிவிட்டது, அதை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. என் குறை தவணையில்தான். விலகலை உண்டாக்கியவர் அக்கசாலையின் உரிமையாளர். இழப்பு முழுவதும் காசை நம்பி வைத்திருந்தவருக்கு. பேரேட்டின் ஒரு பக்கம் லாபம் வந்தபோது நகரத்தின் பெயரில் எழுதப்பட்டது. மறுபக்கம் நட்டம் வந்தபோது கிராமத்தின் பெயரில் எழுதப்பட்டது.

பிற கண்டோன்களும் பெர்ன் பாட்சனின் மதிப்பைக் குறைத்தன. லூசெர்னுக்குக் கீழிருந்த என்ட்லெபூக் பள்ளத்தாக்கு மிக மோசமாக அடிபட்டது. ஷூப்ஃப்ஹைம் ஊரின் ஹான்ஸ் எம்மனெகர் தலைமையில் தூது போனார்கள். லூசெர்ன் நகர மன்றம் காது கொடுக்கவில்லை. 1653 பிப்ரவரி 10 அன்று ஹைலிக்க்ரொய்ஸில் கூடி, குறை தீரும்வரை வரி கட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். மே 14 அன்று ஹுட்வில் ஊரில் பல பகுதிக் குடியானவர் ஒரே கூட்டணியானார்கள். பெர்ன் நாட்டுக் குடியானவர் நிக்லவுஸ் லோயன்பெர்கர் தலைவர். கத்தோலிக்க லூசெர்னின் குடிகளும் புராட்டஸ்டண்ட் பெர்னின் குடிகளும் ஒன்றாகச் சத்தியம் செய்தார்கள். மதச் சண்டையில் கிழிந்துகிடந்த நாட்டில் அவர்களைச் சேர்த்தவற்றில் கையிலிருந்த செல்லாக் காசும் ஒன்று.

ஜூன் 3 அன்று வோலன்ஷ்வில்லில் சூரிச் தளபதி கொன்ராட் வெர்ட்முல்லரின் படை சுமார் 8,000. குடியானவர் சுமார் 24,000. ஆனால் சூரிச் படையிடம் பீரங்கி இருந்தது. கலகம் தோற்றது. எம்மனெகரும் கலகத்தின் இன்னொரு தலைவரான கிறிஸ்டியான் ஷீபியும் அந்தக் கோடையிலேயே கொல்லப்பட்டார்கள். லோயன்பெர்கரைச் செப்டம்பர் 6 அன்று பெர்னில் தலை வெட்டினார்கள். ஆணை பிறந்த டிசம்பரிலிருந்து ஒன்பது மாதம்.

1850 மே 7 அன்று புதிய சுவிஸ் கூட்டாட்சி நாணயச் சட்டம் போட்டது. 860 வகையாகக் கிடந்த இடத்தில் 9 வகைக் காசு: வெண்கலத்தில் 1, 2 ராப்பன், கலப்பு வெள்ளியில் 5, 10, 20, வெள்ளியில் ½, 1, 2, 5 ஃபிராங்க். ஒரு ஃபிராங்கில் 4.5 கிராம் தூய வெள்ளி. அந்தக் கணக்குப்படி 20 ராப்பனில் 0.9 கிராம் இருக்க வேண்டும். அதன் எடை 3.25 கிராம், அதில் நூற்றுக்கு 15 வெள்ளி, ஆக 0.49 கிராம்தான். 5 ராப்பனில் 0.225 கிராம் இருக்க வேண்டும், 1.67 கிராம் எடையில் நூற்றுக்கு 5 வெள்ளி, ஆக 0.08 கிராம்தான். சில்லறையில் வெள்ளி இன்னமும் ஏறக்குறைய பாதியும் பாதிக்குக் கீழுமே.  ஆனால் பழைய காசைத் திரும்ப வாங்கும் வேலை 1851இல் தொடங்கியது. அது முடிந்தது 1852இல்; இந்த முறை தவணை மூன்று நாள் அல்ல.